தளர்த்தாத அலகு

கடைசி இழைப்புளியின் துணியைப் பிரித்தபோதுதான் அதன் அலகு தளர்த்தப்படாமல் இருப்பதைப் பார்த்தேன். முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். கட்டையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பரப்பைப் பார்த்தேன். வாயின் இடுக்கில் அலகின் முனை ஒரு வெள்ளைக் கோடாக எட்டிப் பார்த்தது. தலைமுடியின் பருமன்கூட இருக்காது. ஆனால் அது வேலைக்காக நிறுத்தி வைத்த ஆழம், தானாக வந்ததல்ல. மேல்பக்கம் தொண்டையில் ஒரு மரச்சுருள் சிக்கியிருந்தது. சைப்ரஸ் மரத்தின் சுருள். பாதியில் அறுந்து, காய்ந்து, வெங்காயத் தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. பெட்டியிலிருந்த மற்ற இழைப்புளிகள் எல்லாம் அலகை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கின. இது ஒன்று மட்டும் விழித்திருந்தது.

அப்பா இப்படி விடுகிறவர் அல்ல. எங்கள் கனுமாவில் கதவு செய்கிற யாருமே விடமாட்டார்கள். இலைகள் கொட்டி முடிந்ததும் நிக்கோ மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். துணியில் இருக்கிற ஈரம், உதட்டில் இருக்கிற ஈரம், மரத்துக்குள் இருக்கிற ஈரம் எல்லாவற்றையும் அது உறிஞ்சிக்கொண்டு போகும். இழைப்புளியின் ஓக் கட்டை சுருங்கும். நடுவில் ஆப்பு மாதிரி இறுகி நிற்கிற இரும்பு சுருங்காது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கட்டை பிளந்திருக்கும். அதனால் வேலை முடிந்ததும் கட்டையின் பின்தலையில் சின்னச் சுத்தியலால் தட்டி அலகைத் தளர்த்திவிட்டுத்தான் கையைக் கழுவுவார்கள். அப்பாவின் தட்டு எனக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று இரண்டு, கொஞ்சம் யோசித்து இன்னொன்று. சின்ன வயதில் நான் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். சூரியன்கூட அதற்குப் பிறகுதான் இறங்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

அம்மாவுக்கு அது அடுப்படிச் சத்தம். எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன முற்றம், துணி காய்கிற கொடி, அவ்வளவுதான். அம்மா முள்ளங்கியையும் டோஃபுவையும் வேகவைத்துச் சூப்பைத் தயாராக வைத்திருப்பார். புளித்த சோயா விழுதான மிஸோவை மட்டும் கரைக்கமாட்டார். மிஸோ விழுந்த பிறகு கொதித்தால் மணம் செத்துப்போகும் என்பது அவருடைய சட்டம். பட்டறையில் தட்டு விழுந்ததும் அடுப்பைத் தணித்து மிஸோவைக் கரைப்பார். அப்பா தரையைக் கூட்டி, கை கழுவி, செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே வருவதும், கிண்ணம் மேஜைக்கு வருவதும் ஒன்றாக நடக்கும். இதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதே இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பது போலவும், அவர் அங்கே இழுத்தால் இவர் இங்கே எழுந்துகொள்வது போலவும் இருக்கும்.

அப்பா இறந்த அன்று மதியம் சின்னதாக ஒரு பூசல். அப்பா சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "கிண்ணத்துல குரோகாவா ஆறே ஓடுதே ஃபுமியே. மீன் ஏதாவது மாட்டுதான்னு பாக்கணும்" என்றாராம். "அப்ப ராத்திரிக்கு நீங்களே வெச்சுக்கோங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை நடக்கிற பேச்சுதான். ஆனாலும் சாயங்காலம் அம்மா கொஞ்சம் வீம்பாக இருந்திருக்கிறார். முள்ளங்கி வெந்துவிட்டது. தானாகப் போய்க் கூப்பிடக்கூடாது என்று தைக்கிற துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தட்டு விழவில்லை. வெளிச்சம் போய்விட்டது. அப்போதுதான் தொகுஜி மாமா முற்றத்தின் வழியாக வந்து, சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வராமல், அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

தொகுஜி மாமாவும் அப்பாவும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். மாமா ஒரு வருடம் மூத்தவர். இரண்டு தெரு தள்ளி வீடு. அன்று, வாங்கிப்போன தீட்டுக்கல்லைத் திருப்பித் தரப் பின்வாசல் வழியாகப் பட்டறைக்குப் போனவர்தான் அப்பாவைப் பார்த்தார். "வேலைய முடிச்சிட்டான்மா. கூட்டிப் பெருக்கி, எல்லாத்தையும் பெட்டில வெச்சு மூடிட்டு, டீக் கப்பப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். தூங்குறான்னுதான் நெனச்சேன்" என்று அன்றும் அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் சொன்னார். டாக்டர் இதயம் என்றார், ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார். நல்ல சாவு என்று ஊரே சொன்னது. வேலையை முடித்து, இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போன கைக்காரன் என்றார்கள்.

அம்மாவுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. வேலை முடிந்திருந்தால் தட்டியிருப்பார். தட்டியிருந்தால் கேட்டிருக்கும். அம்மா யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி உட்சுனோமியாவில் ஒரு காது டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, அதே ஊரில் நான் வேலை செய்கிற கதவுப் பட்டறைக்கு வந்து நின்றார். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கெட்ட செய்தி கேட்ட முகமாக இருந்தது. "அப்ப கோவத்துலதான் என் காது அடைச்சுக்கிச்சு. அவரு தட்டிட்டாரு தொமோயே. தட்டிட்டு, சண்டையாச்சே, நான் வந்து கூப்பிடுவேன்னு ஆறிப்போன டீய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு. நான் இங்க ஊசி கோத்துக்கிட்டு இருந்திருக்கேன்." அன்றிலிருந்து அம்மா சாயங்காலம் அடுப்புப் பற்றவைப்பதில்லை. குக்கரில் சோறு, கடையில் வாங்கிய பொரியல், முள்ளங்கி ஊறுகாய். நான் வருகிற நாளில் சூப் வைத்துக் கொடுத்தால் எனக்காக ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவார். பொழுது சாய்கிற நேரத்தில் சமையலறை நாற்காலியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். ஆள் பாதியாகிவிட்டார்.

இதோ, அந்த இழைப்புளி என் கையில் இருக்கிறது. இறந்தவரின் கருவிப் பெட்டியை நாற்பத்தொன்பதாம் நாள் பிரார்த்தனை முடிகிறவரை திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதனால் இத்தனை நாள் யாரும் இதைப் பார்க்கவில்லை. அப்பா தட்டவே இல்லை. தட்டாமல் வேலையை முடித்திருக்க முடியாது. இழைத்துக்கொண்டிருந்த சுருளைக்கூட எடுக்காமல் அவர் ஓர் இழைப்புளியைத் துணியில் சுற்றியிருக்கமாட்டார். சுற்றியது வேறு கை.

காலையில் வந்த குருக்கள் மந்திரம் ஓதிவிட்டுப் போயாயிற்று. பாய் விரித்த அறையில் ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் துணியை மறுபடி சுற்றி, வெள்ளை விரிப்பின் கோடியில் அதை வைத்தேன்.

பிரார்த்தனைக்குப் பிறகு இறந்தவரின் பொருள்களில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வது வழக்கம். மற்ற வீடுகளில் கைக்கடிகாரம், கோட்டு என்று கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் இழைப்புளிகள்தான். வந்தவர்கள் இரண்டு பேர். தொகுஜி மாமா, அப்புறம் என் அத்தை மகன் ஹிசாஷி. அவன் ஒயாமாவில் வீடு கட்டுகிற நிறுவனம் ஒன்றில் தச்சன், வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். கறுப்புக் கோட்டுக்குள் சங்கடமாக மண்டியிட்டு உட்கார்ந்து, விரிப்பில் வரிசையாக இருந்த இழைப்புளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முறைப்படி கூடத் தொழில் கற்ற மூத்தவர்தான் முதலில் எடுக்க வேண்டும். அம்மா மாமாவைப் பார்த்து, "அண்ணே, நீங்க" என்றார்.

"ஹிசாஷி எடுக்கட்டும்" என்றார் மாமா. அவர் வந்ததிலிருந்து விரிப்பின் கோடியைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

ஹிசாஷி தயங்கவில்லை. கொல்லரின் பெயர் அலகின் நெற்றியில் பெரிதாகப் பொறித்த ஒன்றை எடுத்தான். அலகின் முகத்தில் மரத்தின் ரேகை மாதிரி அலையலையாகக் கோலம் ஓடும். அப்பா எப்போதோ ஒரு கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கி, அதற்குப் பிறகு வெட்கப்பட்டு உள்ளே வைத்துவிட்டது.

"மாமா இதத் தொட்டிருக்கவே மாட்டாரு போல" என்று அப்பாவை நினைத்தபடி அலகை விரலால் தடவினான்.

"தொட்டிருக்கான்" என்றார் தொகுஜி மாமா. "தூசி தட்ட."

"பேரு இருக்குல்ல மாமா. எங்க சைட்ல கொண்டு போய் வெச்சா எல்லாப் பயலும் வாயப் பொளப்பான்."

"வெச்சுக்கோ. வாயப் பொளந்தவன் பாத்துக்கிட்டே இருக்கட்டும், வேலைய நீ கரண்ட் மெஷின்ல பண்ணிக்கோ."

ஹிசாஷி சிரித்தான். அம்மாகூட லேசாகச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சிரிப்பு முடிந்ததும் மாமா முட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து சொன்னார்.

"எனக்கு அந்தத் துணி சுத்தினது."

நான் கேட்க நினைத்திருந்ததும் அதைத்தான். அப்பாவின் கையிலிருந்து வருகிற கடைசிப் பரப்புகள் எல்லாம் அதில்தான் வந்தன. மற்றவற்றில் இழைத்துக்கொண்டே வந்து, முடிவில் அதை எடுப்பார். அதை எடுத்தபிறகு பேசமாட்டார். நீளமாக, ஒரே மூச்சில், தன் பக்கம் இழுத்தபடியே பின்னால் நடப்பார். தொண்டையிலிருந்து சுருள் எழுந்து வரும், வெளிச்சம் அதன் வழியாகத் தெரியும். அந்தப் பரப்பின் மேல் தண்ணீர் விட்டால் நிற்காமல் உருண்டு ஓடிவிடும்.

"பாத்தியா அத்த" என்றான் ஹிசாஷி. "அப்ப விட்டத இப்பப் புடிச்சிட்டாரு."

அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். இளவயதில் இருவரும் ரயிலேறி சான்ஜோவுக்குப் போய், ஒரு கருவிக் கடையில் இரண்டு இழைப்புளிகளுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கொல்லர் ஒரே பழைய இரும்பில் அடித்த இரண்டு அலகுகள். மூத்தவர் என்பதால் முதலில் எடுத்தது தொகுஜி மாமா. அலகின் பின்பக்கக் குழிவை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அழகான ஒன்றை எடுத்திருக்கிறார். அப்பா மீதி இருந்ததைக் காதருகில் வைத்து, நகத்தால் கட்டையைச் சுண்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் துணியில் சுற்றிக்கொண்டாராம். மாமாவின் கட்டை அடுத்த வருடமே முறுக்கிக்கொண்டது. வேறு கட்டை, அப்புறம் இன்னொரு கட்டை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அரிசி மது உள்ளே போனதும் அப்பா கேட்பார்: "என்ன தொகு, உன் பொண்டாட்டி ஒழுங்கா இருக்காளா?" மாமா, "வாய மூடு. நீ கண்ண மூடிக்கிட்டு எடுத்தது" என்பார்.

ஆகவே மாமா அதைக் கேட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனக்கு மட்டும்தான் வேறு மாதிரி கேட்டது.

"பிரிச்சுப் பாருங்க மாமா" என்றேன்.

"பாக்க என்னம்மா இருக்கு. தெரியாததா." அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, துணியோடு எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையை வாங்குகிறவர் போல இரண்டு கைகளாலும்.

"உங்ககிட்ட இருக்கிறதுதாண்ணே நியாயம்" என்றார் அம்மா. பிறகு, அவர் கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டே, மெதுவாக, டீயிடம் சொல்வதுபோலச் சொன்னார். "அவரு கடைசியாத் தட்டினது அதத்தானே. எனக்குத்தான் கேக்கல."

மாமா இன்னும் தலைகுனிந்தார். அது துக்கத்துக்கான குனிவு. அம்மா என்ன சொல்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். ஹிசாஷி இருந்தான். அப்பாவின் படம் இருந்தது. மாமாவின் தலை நரைத்து, உச்சியில் முடி இல்லாமல், ரொம்பப் பக்கத்தில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஹிசாஷி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். கொஞ்ச நேரம் கழித்து மாமாவும் எழுந்தார். அம்மா கொடுத்த இனிப்புப் பையை எடுத்துக்கொண்டு நான் அவர் பின்னால் போனேன். மாமா வாசல் வழியாகப் போகாமல், பழக்கத்தில் முற்றத்தைத் தாண்டிப் பட்டறைப் பக்கமாக நடந்தார். அன்றைய காற்று ஆரம்பித்திருந்தது. பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகைகள் ஒன்றோடொன்று மெதுவாக இடித்துக்கொண்டன.

"மாமா. அலகு இறுகியிருக்கு."

அவர் நின்றார். திரும்பவில்லை. "பிரிச்சுட்டியா."

"காலைல நான்தானே எல்லாத்தையும் எடுத்து வெச்சேன்."

பிறகு அவர் அடுக்கி வைத்திருந்த சைப்ரஸ் பலகைகளின் மேல் உட்கார்ந்தார். துணி சுற்றியதை மடியில் வைத்துக்கொண்டார்.

"இழைக்கிற மரத்து மேலேயே குப்புறக் கிடந்தான்" என்றார். "நெத்தி மரத்துல. ரெண்டு கையும் இது மேல. தபால் ஆபீஸ்காரர் வீட்டுக் கதவோட சட்டம். முக்கா தூரம் இழுத்திருக்கான், மீதி இழுக்கல. வாயோரம் எச்சில் வழிஞ்சிருந்துச்சு. அத உங்கம்மா பாக்கணுமா சொல்லு. நானும் அவனும் ஒண்ணாப் பெருக்கித் தொழில் கத்தவங்க. பெருக்காத இடத்துல அவன ஊரு பாக்கணுமா. தூக்கிச் சுவத்துல சாத்தினேன். மொகத்தத் தொடச்சேன். கூட்டினேன். மூணு மணிக்குக் குடிச்ச டீக் கப்பு ஜன்னல்ல இருந்துச்சு. அத எடுத்துப் பக்கத்துல வெச்சேன். வேலைய முடிச்சிட்டு ஒக்காந்தவன் மாதிரி இருக்கட்டும்னு."

"இதத் தளர்த்தாம வெச்சிட்டீங்க."

"சுத்தியலக் கைல எடுத்தேன்." அவர் துணியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "அவன் நிறுத்தி வெச்ச ஆழம்மா அது. நான் எப்படித் தட்டுறது. கை வரல. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்னு சுத்தி உள்ள வெச்சேன். அப்புறம் பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. காத்து ஆரம்பிச்சதுலேந்து எனக்குத் தூக்கம் இல்ல. இன்னைக்கு எடுத்துட்டுப் போய் வீட்டுல யாருக்கும் தெரியாம தளர்த்திடலாம்னுதான் கேட்டேன். சத்தியமா எனக்கு வேணும்னு இல்ல."

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவருடைய இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன். டீக் கப்பையும் நான் வைத்திருப்பேன்.

"அந்தக் கப்புதான் மாமா" என்றேன். பிறகு சொன்னேன். காது டாக்டரைப் பற்றி, இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி, அப்பா தட்டிவிட்டு அம்மா கூப்பிடுவார் என்று காத்திருந்ததாக அம்மா நம்புவதைப் பற்றி. சொல்லச் சொல்ல அவர் முகம் மரம் காய்வது போல மாறிக்கொண்டே வந்தது.

"நல்லதுன்னுதானே நெனச்சேன்" என்றார்.

"தெரியும்."

"நீ சொல்லிடு தொமோயே. நான் போனப்புறம் பக்குவமாச் சொல்லு. இத்தன நாள் வீட்டுக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணயே சொல்லிட்டேன். இப்பப் போய் உங்கம்மா முன்னால என் மூஞ்சிய எங்க வெக்கிறது. செத்தவன நகத்தி வெச்சுட்டுப் பொய் சொன்னவன்."

நான் இனிப்புப் பையை அவர் பக்கத்தில் வைத்தேன். "அம்மா சாயங்காலம் அடுப்பே பத்தவெக்கிறதில்ல மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்தபோது இனிப்புப் பையை எடுக்க மறந்துவிட்டார். முற்றத்தைத் திரும்பத் தாண்டினார்.

அம்மா டீக் கோப்பைகளைக் கழுவுவதற்காக அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா உள்ளே வந்து, பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, துணி சுற்றியதைத் தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வைத்தார். ஏதோ மறந்துவிட்டாரோ என்று அம்மா கோப்பைகளை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மாமா துணியைப் பிரித்தார். ஒவ்வொரு முனையாக. கடைசி முனை விலகியபோது, காய்ந்த சுருள் காற்றில் அசைந்தது.

"ஃபுமியேம்மா. அவன் வேலைய முடிக்கல."

அம்மா இழைப்புளியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"கூட்டினது நான். சாத்தி வெச்சது நான். டீக் கப்பும் நான் வெச்சதுதான். பாதி இழுப்புல விழுந்திருந்தான். இத அவன் தட்டல. அதான் உங்களுக்குக் கேக்கல. உங்க காதுல ஒரு குத்தமும் இல்ல." சொல்லி முடித்ததும் அவர் இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படுகிற வரை குனிந்தார். நிமிரவில்லை.

அம்மா அவரை நிமிரச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. மெதுவாகக் கையை நீட்டி, சுருளை ஒற்றை விரலால் தொட்டார். அது நொறுங்கிவிடுமோ என்று பயந்து விரலை எடுத்துக்கொண்டார். அவர் உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. அன்றைய சாயங்காலத்தை அவர் மறுபடி ஒருமுறை நடத்திப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தட்டு விழாத, யாரும் உட்கார்ந்து காத்திருக்காத ஒரு சாயங்காலத்தை.

"அப்ப, உக்காந்துக்கிட்டு இல்லையா" என்றார்.

"இல்லம்மா."

"நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இல்ல."

"மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்." மாமாவின் குரல் பாய்க்குள்ளிருந்து வந்தது.

"பசிச்சிருக்குமா அவருக்கு?"

மாமா அப்போதுதான் நிமிர்ந்தார். நெற்றியில் பாயின் வரிகள் பதிந்திருந்தன. "கடைசி இழுப்பு நல்லா வர்ற நேரத்துல அவனுக்கு எப்பம்மா பசிச்சிருக்கு. நீங்க வந்து கூப்பிட்டிருந்தாலும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான்."

"ஆமா" என்றார் அம்மா. "திட்டியிருப்பாரு." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. பிறகு, "சண்டக்காரரு" என்றார்.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாக ஆரம்பித்தது. நான் இழைப்புளியை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். கட்டையின் கன்னத்தில், அலகு நுழைகிற இடத்தில், நகக்கீறல் போல ஒரு கோடு ஆரம்பித்திருந்தது. மாமாவும் அதைப் பார்த்தார். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பிளந்துடுமா?"

"இப்பத் தளர்த்திட்டா நின்னுடும்" என்றேன். "இப்படியே வெச்சிருந்தா தாங்காதும்மா."

தளர்த்தினால் அந்த ஆழம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அதே அலகை அதே கட்டையில் எத்தனை முறை தட்டி இறக்கினாலும் அது வேறு ஒரு கையின் ஆழமாகத்தான் இருக்கும். கதவு செய்கிறவர் வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்த அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும். அவர் இழைப்புளியை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். கட்டையின் பின்தலையில், வருடக்கணக்கான தட்டுகளால் ஓரம் மழுங்கி உருண்டுபோன இடத்தை, கட்டைவிரலால் தடவினார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க வேணாம்" என்றார். "பட்டறைக்குக் கொண்டு போங்க. நான் சமையல்கட்டுல இருக்கேன்."

பட்டறையில் விளக்குப் போடத் தோன்றவில்லை. இழைக்கிற மரம் வெறுமையாக, லேசான சரிவோடு நீண்டு கிடந்தது. அதன் மேல் தூசி. மாமா சுவரிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தார். அதன் கைப்பிடி அப்பாவின் பிடிக்குத் தேய்ந்து நடுவில் இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கைப்பிடியை என் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

நான் இழைப்புளியை இடது உள்ளங்கையில் ஏந்தி, ஆள்காட்டி விரலை அலகின் மேல் வைத்துக்கொண்டேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் சமையலறை ஜன்னல் இருட்டாக இருந்தது. உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. காற்றும் அந்த நேரத்துக்கு ஓய்ந்தது போல இருந்தது.

சட்டென்று இரண்டு தட்டினேன். அலகு நெகிழ்ந்துகொடுத்தது விரலுக்குத் தெரிந்தது, இறுகப் பிடித்திருந்த கை ஒன்று விட்டது போல. கொஞ்சம் யோசித்தேன். இன்னொன்று தட்டினேன்.

சுருள் தொண்டையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மாமா குனிந்து எடுக்கவில்லை. இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அங்கே விளக்கு எரிந்தது. அடுப்பைத் திருகுகிற கிளிக் சத்தம் ஒருமுறை, பற்றாமல் இன்னொருமுறை. பாத்திரத்தின் மூடி ஒன்று எங்கோ வைக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் நிழல் குறுக்காகப் போய், திரும்பி வந்து, ஓரிடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் சமையலறை ஜன்னல் ஆவியில், கீழ்விளிம்பிலிருந்து மெதுவாக வெள்ளை பூக்கத் தொடங்கியது.